ஒல்லியாக இருக்கிறேன், எண்ணெயும் தொடுவதில்லை. கொழுப்பு எங்கிருந்து வந்தது?

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்த அளவில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். வயது 42, உயரம் 168 செ.மீ., எடை 62 கிலோ, இடுப்புச் சுற்றளவு 92 செ.மீ. சைவம், மது இல்லை, எண்ணெய்ப் பலகாரம் தொடுவதே இல்லை. செக்கப்பில் மொத்தக் கொலஸ்ட்ரால் 204, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால் என்பார்கள்) 116, எச்டிஎல் (நல்லது என்பார்கள்) 31, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 285. வெறும் வயிற்றில் சர்க்கரை 108. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு), முதல் நிலை. அப்பா 54 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். இதையெல்லாம் பார்த்த மருத்துவர், எல்லாம் ஒரே கோளாறுதான் என்று சொல்லி, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதியிருக்கிறார். எல்டிஎல் பக்கத்தில் நட்சத்திரக் குறிகூட இல்லையே, இது மாத்திரை விற்கும் கதையா, ஸ்டேட்டின் சர்க்கரையைக் கூட்டும் என்று படித்தேனே, 38 வயதுத் தம்பியும் பரிசோதிக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். மாத்திரை பற்றிய கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: சாப்பிடாத கொழுப்பு ரத்தத்துக்குள் எப்படி வந்தது, அது எப்படிக் கல்லீரல், சர்க்கரை, இதயம் மூன்றையும் தொடுகிறது? அதற்குப் பதில் கிடைத்தால் மாத்திரையைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

நான் பொது மருத்துவன். இரண்டு ஆண்டுகள் உயிர்வேதியியல் துறையில் பயிற்றுநராக இருந்துவிட்டு, கடந்த 24 ஆண்டுகளாகத் தென்மாவட்ட ஊர் ஒன்றில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு நோயாளிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். உங்களை நேரில் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அந்த ரிப்போர்ட். பெரும்பாலான ஆய்வகங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. 1972இல் ஃப்ரீடுவால்டு என்பவரும் கூட்டாளிகளும் கொடுத்த வாய்பாடு ஒன்று இருக்கிறது: மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழி, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழி. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 204இல் 31 போனால் 173. 285ஐ ஐந்தால் வகுத்தால் 57. 173இல் 57 போனால் 116. அச்சு அசலாக உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள எண். ஆக, அந்த 116 யாரும் அளந்ததில்லை, கணக்குப் போட்டு எழுதியது. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது. அதற்கு முன்பிருந்தே நம்பகம் தேய ஆரம்பித்துவிடும். சரி, கழித்துத் தள்ளிய அந்த 57 என்ன ஆயிற்று? அது கல்லீரல் கொழுப்பை ஏற்றி அனுப்பும் விஎல்டிஎல் என்ற துகள்களிலும் அவற்றின் மிச்சங்களிலும் இருக்கிற கொலஸ்ட்ரால். ரத்தக்குழாய்க்கு அதுவும் கெடுதல்தான். அதனால் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் நான் 116ஐப் பார்ப்பதில்லை, 173ஐப் பார்ப்பேன். இதற்கு நான்-எச்டிஎல் என்று பெயர். சாதாரணமாக 130க்குள் இருந்தால் நல்லது. இதில் உங்களுக்கு நட்சத்திரக் குறி உண்டு. பல ரிப்போர்ட்டுகளில் அந்த வரியே அச்சாவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கண்கட்டும் இருக்கிறது. எல்டிஎல் அளவு என்பது அந்தத் துகள்களுக்குள் இருக்கிற கொலஸ்ட்ராலின் எடை. நெல்லை மொத்தமாக எடை போட்டால் எத்தனை மூட்டை என்று தெரியாதே, அதுபோல. ஒருவருக்குப் பெரிய மூட்டைகள் கொஞ்சம் இருக்கும். இன்னொருவருக்குச் சின்னச் சின்ன மூட்டைகளாக நிறைய இருக்கும். எடை ஒன்றாகவே வரும். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து மாட்டிக்கொள்வது துகள்கள். எண்ணிக்கை கூடக்கூட மாட்டுவதும் கூடும். ட்ரைகிளிசரைடு ஏறி எச்டிஎல் இறங்கிய உங்களைப் போன்றவர்களிடம் எல்டிஎல் துகள்கள் பொடிசாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருப்பதே வழக்கம். இந்தத் துகள் ஒவ்வொன்றின் மேலும் அபோ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருக்கும். அதை அளந்தால் துகள்களை எண்ணியதாகிவிடும். பெரிய ஊர் ஆய்வகங்களில் இந்தப் பரிசோதனை இப்போது கிடைக்கிறது.

அடுத்து, கொழுப்பு வந்த வழி. ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று 2005இல் அமெரிக்காவில் அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொடுத்துத் தடம் பார்த்தார்கள். சாப்பிட்ட கொழுப்பிலிருந்து நேராக வந்தது 100க்கு சுமார் 15 பங்குதான். 59 பங்கு உடம்பின் கொழுப்புத் திசுவிலிருந்து கரைந்து வந்தது. மீதி 26 பங்கைக் கல்லீரலே மாவுச்சத்திலிருந்து புதிதாகச் செய்திருந்தது. எண்ணெயை விட்டேன், கொழுப்பு ஏன் குறையவில்லை என்ற உங்கள் ஆதங்கத்துக்கு விடை இதில்தான். காலையில் நாலு இட்லி, மதியம் குழி வெட்டிச் சாம்பார் ஊற்றிய சோறு, நாலு மணிக்குச் சர்க்கரை போட்ட காபியோடு பிஸ்கட், இரவு மறுபடி தோசை. நடுவில் உட்கார்ந்த வேலை. (உங்கள் சாப்பாடு இதுதான் என்று சொல்லவில்லை. என்னிடம் "எண்ணெயே தொடறதில்லை சார்" என்று வருகிறவர்கள் சொல்லும் சராசரிப் பட்டியல் இது.) தசை எரிக்காத மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கிவிடும்.

ஒல்லியான உடம்பில் இது எப்படி நடக்கும்? எங்கள் பக்கத்துக் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்புத் திசுதான் கண்மாய். கொழுப்பைப் பத்திரமாகத் தேக்கி வைப்பது அதன் வேலை, அது கெட்ட பொருளே அல்ல. கண்மாய் பெரிதாக இருந்தால் எவ்வளவு மழை பெய்தாலும் தாங்கும். சின்னக் கண்மாய் சீக்கிரம் நிறைந்து மறுகால் பாய்ந்துவிடும். தண்ணீர் போகக் கூடாத வயலுக்கெல்லாம் போகும். உடம்பில் அந்த வயல்கள் கல்லீரல், தசை, கணையம், குடலைச் சுற்றிய பகுதி. இதற்கு இயற்கையே நடத்திக் காட்டிய ஒரு கொடூரமான சோதனை உண்டு. பிறவியிலேயே கொழுப்புத் திசு இல்லாமல் பிறக்கிற அரிய குழந்தைகள் இருக்கிறார்கள், லிப்போடிஸ்ட்ரோபி என்பார்கள். உடம்பில் ஒரு சொட்டுக் கொழுப்பு தெரியாது, தசை முறுக்கேறித் தெரியும். ஆனால் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு, ட்ரைகிளிசரைடு ஆயிரக்கணக்கில், பதின்ம வயதிலேயே கடுமையான சர்க்கரை நோய். தேக்கக் கண்மாயே இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம்மவர்கள் பலருக்குக் கண்மாய் சின்னது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக் 2004இல் தன்னையும் பிரிட்டிஷ் சக மருத்துவர் ஒருவரையும் அருகருகே நிறுத்தி எடுத்த படம் மருத்துவ வட்டாரத்தில் பிரபலம். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) ஒன்றேதான், 22.3. உடல் கொழுப்பு அவருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். உங்கள் பிஎம்ஐயும் 22தான். தராசு சொல்லாததை உங்கள் இடுப்பளவு சொல்கிறது: இந்திய ஆண்களுக்கு வைத்திருக்கும் எல்லை 90, உங்களுக்கு 92. முடிந்தால் கண்ணாடியில் பிடரியையும் பாருங்கள். அங்கே வெல்வெட் போலக் கறுத்துத் தடித்திருந்தால் அது இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரப்பதன் அடையாளமாக இருக்கலாம். வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் அதை அழுக்கு என்றோ சங்கிலி உரசல் என்றோ சொல்லி, தேய்த்தும் போகவில்லை என்கிறார்கள். தேய்த்தால் போகாது.

மறுகால் பாய்ந்தபின் நடப்பதுதான் உங்கள் மருத்துவர் சொன்ன "ஒரே கோளாறு". கொழுப்புத் திசுவைப் பூட்டி வைத்திருப்பது இன்சுலின். அதன் சொல் எடுபடாமல் போகும்போது பூட்டு தளர்ந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்கு ஓடுகின்றன. கல்லீரலில் ஒரு விசித்திரம்: சர்க்கரை தயாரிப்பை நிறுத்து என்று இன்சுலின் சொன்னால் கேட்பதில்லை, கொழுப்பு செய் என்றால் மட்டும் கேட்கிறது. அதனால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஏறுகிறது, உங்கள் 108 போல. கொழுப்பும் சேர்கிறது, உங்கள் ஸ்கேன் போல. சேர்ந்ததைக் கல்லீரல் சும்மா வைத்திராமல் விஎல்டிஎல் துகள்களில் ஏற்றி ரத்தத்தில் விடுகிறது. அதுதான் 285. இந்தத் துகள்கள் வழியில் எச்டிஎல்லோடும் எல்டிஎல்லோடும் பண்டமாற்று செய்துகொள்கின்றன, ட்ரைகிளிசரைடைக் கொடுத்துவிட்டுக் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. அப்படி மாறிய எச்டிஎல் சுருங்கிச் சீக்கிரம் வெளியேறிவிடும், அதனால் 31. மாறிய எல்டிஎல் பொடித் துகளாகும். அதனால் பார்வைக்கு நல்ல பிள்ளையாக நிற்கும் 116. உங்கள் ரிப்போர்ட்டின் நான்கைந்து வரிகளும் ஒரே கதையின் வரிகள்.

இது உங்கள் ஒருவர் கதையும் அல்ல. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகரில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆதரவோடு நடந்த பெரிய ஆய்வின் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) முடிவுகள் 2014இல் வந்தன. எச்டிஎல் குறைவானவர்கள் 72 சதவீதம். ட்ரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5 சதவீதம். எல்டிஎல் கூடியவர்கள் 11.8 சதவீதம் மட்டுமே. எல்டிஎல்லை மட்டும் பார்த்து "நார்மல், போய் வாங்க" என்று அனுப்பினால் நம் ஊரில் எத்தனை பேரைத் தவறவிடுவோம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நானே அனுப்பியிருக்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பஸ் கண்டக்டர், 44 வயது, கிட்டத்தட்ட உங்கள் எண்கள்தான். எல்டிஎல் 110, பயமில்லை என்றேன். எட்டு மாதம் கழித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிழைத்துக்கொண்டார். இன்றும் மருந்து வாங்க வரும்போது அந்தப் பழைய ரிப்போர்ட்டை ஃபைலில் முதல் தாளாக வைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இனி எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் இரண்டும் ஒரே குரலில் வருகின்றன. அபோ-பி சுமந்த துகள்கள், அதிலும் எல்டிஎல், ரத்தக்குழாய் அடைப்புக்கு வெறும் துணை அல்ல, காரணமே என்பது உறுதி. மூன்று திசையிலிருந்து சாட்சி இருக்கிறது. எல்டிஎல்லை வாங்கும் ஏற்பி இரு பெற்றோரிடமிருந்தும் பழுதாகி வந்த குழந்தைகளுக்குப் பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் கிடைத்தது. மறுபக்கம், பிசிஎஸ்கே9 என்ற மரபணு பிறவியிலேயே செயலிழந்து எல்டிஎல் 28 சதவீதம் குறைவாக இருந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு இதய நோய் 88 சதவீதம் குறைவாக இருந்ததை 2006இல் கண்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் குறைவாக இருந்தாலே எவ்வளவு லாபம் என்பதற்கு இதுதான் சாட்சி. மருந்தால் குறைத்தாலும் பலன் உண்டு என்பதை 1994இல் 4,444 நோயாளிகளை வைத்து ஸ்காண்டிநேவியாவில் நடந்த ஆய்வு காட்டியது. மாத்திரை எடுத்தவர்களில் மரணம் 30 சதவீதம் குறைந்தது. அவர்கள் ஏற்கெனவே இதய நோய் வந்தவர்கள், உங்களைப் போன்றவர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கணையத்துக்கும் கொழுப்புக்கும் உள்ள ஒரு தொடர்பு கண்ணாலேயே பார்க்கக்கூடியது. பயிற்றுநராக இருந்தபோது ஒரு நாள் வயிற்றுவலியோடு வந்த குடிப்பழக்கம் உள்ள இளைஞர் ஒருவரின் ரத்தம் வந்தது. சுழற்றி எடுத்ததும் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டிய சீரம், பாக்கெட் பால் போல இருந்தது. டெக்னீஷியன் அதை ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் காட்டினார். மேலே ஆடை கட்டியிருந்தது. ட்ரைகிளிசரைடு 1,000ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்து உண்மையானது, உயிரைப் பறிக்கக்கூடியது. உங்கள் 285 அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது, அந்தப் பயம் வேண்டாம்.

கணையத்தோடு இன்னொரு தொடர்பு கொஞ்சம் நம்பிக்கை தருவது. உடல் எடை கூடாத சர்க்கரை நோயாளிகள் 20 பேரை எடுத்து பிரிட்டனில் ஆராய்ந்தார்கள். எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை குறைத்தபோது கல்லீரலிலும் கணையத்திலும் கொழுப்பு வடிந்து, 14 பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஒல்லியானவர்களுக்கும் மறுகால் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று. சின்ன ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி சந்தேகமான பக்கம். எச்டிஎல்லை "நல்ல கொலஸ்ட்ரால்" என்று பாடம் நடத்தியவர்களில் நானும் ஒருவன். டோர்செட்ரபிப் என்ற மருந்து அதை 72 சதவீதம் ஏற்றியது. மாரடைப்பு குறையவில்லை, மரணம் கூடியது, 2006இல் ஆய்வையே நிறுத்தினார்கள். எச்டிஎல் குறைவது ஆபத்தின் அடையாளம், ஏற்றினால் ஆபத்து குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ட்ரைகிளிசரைடும் கிட்டத்தட்ட அப்படித்தான். 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், உங்களைப் போன்ற எண்கள் உள்ள 10,000க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளை வைத்து, ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் பெமாஃபைப்ரேட் மருந்தைச் சோதித்தார்கள். ட்ரைகிளிசரைடு 26 சதவீதம் இறங்கியது, மாரடைப்பு இறங்கவில்லை. அபோ-பி குறையாததே காரணம் என்று பலர் நினைக்கிறோம். ஆகவே 285ஐ மட்டும் இறக்க யாராவது மாத்திரை கொடுத்தால் இதயத்துக்கு என்ன லாபம் என்று கேளுங்கள்.

ஃபேட்டி லிவர் இதய நோயைக் கொண்டுவருகிறதா, அல்லது இரண்டும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகளா? நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கிற பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குக் கல்லீரல் கெடுகிறது, ஆனால் இதய நோய் கூடுவதில்லை. கல்லீரல் கொழுப்பை வெளியே ஏற்றி அனுப்புவதுதான் ரத்தக்குழாயைக் கெடுக்கிறது, உள்ளே தங்குவது கல்லீரலோடு நின்றுவிடுகிறது என்று இதைப் படிக்கலாம். மறதி நோய் விஷயத்தில், நடுவயதில் கூடிய எல்டிஎல்லை 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு ஆபத்துக் காரணிகளில் சேர்த்தது. ஸ்டேட்டின் எடுத்தால் மறதி வராது என்று, குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்தும் எந்த ஆய்வும் இதுவரை நிரூபிக்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்கு வந்தபின் ஸ்டேட்டின் ஆரம்பித்தால் பெரிய பலன் கிடைக்கவில்லை. புற்றுநோய்க்கும் கொலஸ்ட்ராலுக்கும் முடிச்சுப் போடும் செய்திகளை நான் கடந்து போய்விடுகிறேன்.

ஸ்டேட்டினுக்கு வருவோம். அது சர்க்கரையைக் கூட்டும் என்று படித்தீர்கள் அல்லவா, அது பொய்யில்லை. 2010இல் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 255 பேர் நாலு ஆண்டு எடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வந்தது. ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறவர்களுக்குத்தான் அது அதிகம். 108இல் நிற்கிற நீங்கள் விளிம்பில்தான் இருக்கிறீர்கள். ஆனால் தடுக்கப்படும் மாரடைப்பு, பக்கவாதம் அதைவிட அதிகம் என்பதால் தராசு மாத்திரை பக்கமே சாய்கிறது. உங்களுக்குச் சாயுமா என்பதை முடிவு செய்ய எனக்கு இன்னும் மூன்று எண்கள் வேண்டும். ஒன்று, தைராய்டுக்கான டிஎஸ்எச். தைராய்டு சுரப்பு குறைந்தாலே லிப்பிட் கெடும். அதைச் சரி செய்யாமல் ஸ்டேட்டின் கொடுத்துத் தசைவலியோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்து அபோ-பி. மூன்றாவது லிப்போபுரோட்டீன்(ஏ), எல்டிஎல் போன்ற இன்னொரு துகள். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் ஏறி இறங்காது, வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். அப்பா 54இல் போன குடும்பத்தில் 50 மி.கி.க்கு மேல் வந்தால் நான் மாத்திரைக்குத் தயங்க மாட்டேன். ட்ரைகிளிசரைடை இன்னொரு முறையும் பாருங்கள். முதல் நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டிருந்தாலே அது எகிறும்.

மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கண்மாய்க்கு வரும் தண்ணீரைக் குறைப்பது உங்கள் கையில். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் சுண்டலோ பயறோ காயோ வையுங்கள். சைவத்தில் பருப்பைக் குழம்பில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் நம் வீடுகளின் பிரச்சினை. சர்க்கரை போட்ட பானங்களை விடுங்கள். பழச்சாறும் அதில் சேர்த்திதான். சாப்பிட்டு இருபது நிமிடம் நடங்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள்; சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய உறுப்பு தசைதான். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ அளவாகப் போட்டுத் தாளித்தால் ஒன்றும் ஆகாது. தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை ஏற்றும், அதை மருந்து போலக் குடிக்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். (தேங்காய்ச் சட்னியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.) 62 கிலோவில் மூன்று, நாலு கிலோ இறங்கினால் போதும், மூன்று மாதத்தில் ட்ரைகிளிசரைடு இறங்குவது ரிப்போர்ட்டிலேயே தெரியும். இடுப்பு 92லிருந்து இறங்குகிறதா என்று டேப்பால் பாருங்கள். இறங்காமல் எடை மட்டும் குறைந்தால் தசை கரைகிறது என்று பொருள், சாப்பாட்டில் புரதம் போதவில்லை.

தம்பி விஷயம். கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். முழு லிப்பிட், சர்க்கரை, அதோடு லிப்போபுரோட்டீன்(ஏ). உங்களுக்கு அது கூடுதலாக வந்தால் அவருக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பரிசோதனைக்குப் போகும்போது இருவருமே மருத்துவரிடம் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கயிறு முறுக்கியதுபோலத் தடிப்பு இருந்தால் நான் இவ்வளவு நேரம் சொன்னதை ஒதுக்கி வைத்துவிட்டு, பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயா என்று முதலில் பார்க்க வேண்டும். உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால் அது இருக்காது என்றுதான் நினைக்கிறேன், தம்பியின் எண்கள் வரட்டும்.